எங்கள் முருகனுக்கென்று ஒரு பாட்டு

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருமுனை முருகன் கோவிலில் செவ்வாய்க்கிழமை தோறும் சாயங்காலம் பஜனை உண்டு. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, விபூதி இட்டுக்கொண்டு போய் உட்காருவோம். கொத்தனார், ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவர், என்னைப் போல கம்பெனி கேண்டீனில் இருக்கிறவன் என்று இருபது பேர் சேருவோம். யாரும் சங்கீதம் படித்தவர்கள் இல்லை. ஒருவர் முன்பாட்டு பாடுவார், அவர் பாடிய அடியையே நாங்கள் எல்லோரும் திருப்பிப் பாடுவோம். எங்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

முன்பாட்டு பாடுகிறவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். பஜனை ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் அடி எடுத்துக் கொடுப்பார். அவர் குரலைப் பற்றி நான் என்ன சொல்ல. உச்சியில் ஏறி ‘முருகா’ என்று நின்றார் என்றால், ரோட்டில் போகிற ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் செருப்பைக் கழற்றுவார். என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பஜனைக்கு இருபத்தைந்து வருஷம் நிறைந்தது. ஆடிக் கிருத்திகையன்று விழா வைக்கலாம் என்று முடிவானது. அத்தனை வருஷமும் நாங்கள் பாடியதெல்லாம் பழனி முருகனையும் திருத்தணி முருகனையும் யாரோ பாடி வைத்தவை. நம் தெருமுனையில் நிற்கிறவனுக்கென்று ஒரு பாட்டு இல்லையே என்று முதலில் கேட்டது அண்ணன்தான். அல்சூரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு டீச்சரம்மாவிடம், தட்டில் பூ பழம் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போய்க் கேட்டோம். சாமி காரியம், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணனின் தொண்டை கெட்டது. விடாத இருமல். இனிமேல் உயர்த்திப் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேலே போனால் குரலுக்குப் பதில் வெறும் காற்றுதான் வந்தது. விழாவுக்கு மட்டும் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிற ஒருவரை முன்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்று கோவில் கமிட்டியில் பேச்சு வந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை, நாலு தெரு ஜனம் கூடுகிற நாள். அதுதான் சரி, நான் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுகிறேன் என்று அண்ணனும் சொன்னார். சொன்னாரே தவிர, அன்றைக்கு வாங்கிய சுண்டலைக் கையிலேயே வைத்திருந்தார், வாயில் போடவில்லை. அவர் ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டை வேறு ஒருவர் பாடுவது என்றால் எங்களுக்கு விழாவே ருசிக்கவில்லை.

டீச்சரம்மா எங்கள் பஜனையைக் கேட்க ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். முடிந்ததும் அண்ணனை மட்டும் உட்கார வைத்து, எவ்வளவு கீழே இறங்க முடியுமோ இறங்குங்கள் என்று ஹார்மோனியத்தைப் பிடித்தார். அண்ணன் இறங்கிக்கொண்டே போனார். கரகரவென்று, அடுப்பில் கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“இந்தக் குரலை இத்தனை நாளா எங்க வெச்சிருந்தீங்க?” என்றார் டீச்சரம்மா.

“இது வீட்ல பேசற குரல்மா. சாமிகிட்ட இதுல பாடினதில்ல.”

“இனிமே பாடுங்க. இதுக்குத்தான் பாட்டு கட்டப் போறேன். வெளியாள் யாரும் வேணாம்.”

சொன்னபடி செய்தார். படித்த அம்மா, எங்களுக்கு எது வருமோ அதை வைத்து ஏதோ சுலபமாகக் கட்டிக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அண்ணனின் அடிகளை நாலைந்து சுரத்துக்குள்ளேயே தரையோடு தரையாக வைத்தார். ‘மலையேற முடியாதவர்க்குத் தெருமுனையில் நின்றவனே’ என்று அவர் கீழே பாட வேண்டும். அதைத் திருப்பாமல், ‘கூப்பிட்ட குரலுக்குக் கதவு திறந்தவனே’ என்று நாங்கள் உச்சியில் பதில் சொல்ல வேண்டும். அண்ணன் ஏற முடியாத மேட்டையெல்லாம் எங்கள் இருபது பேர் தொண்டையில் ஏற்றி வைத்திருந்தார். எனக்கு அதை முதல் தடவை கேட்டபோதே உடம்பு சிலிர்த்தது.

ஆனால் எங்கள் வாய் கேட்டால்தானே. அண்ணன் ஓர் அடி பாடி நிறுத்தினால், பதிலை விட்டுவிட்டு அதே அடியைத் திருப்பிப் பாடிவிடுவோம். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதே கூத்து.

“அவர் தும்மினாக்கூடத் திருப்பித் தும்முவீங்க போலிருக்கே” என்று டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கொத்தனார், “பழக்கிவிட்டது அவருதான் டீச்சர், அவரைக் கேளுங்க” என்று தப்பித்துக்கொண்டார். கடைசி ஒத்திகையில்தான் ஒருவழியாகச் சரியாக வந்தது.

கிருத்திகையன்று தூறல். பந்தலுக்குள் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. தீபாராதனை முடிந்து அண்ணன் ஆரம்பித்தார். முதல் அடியின் பாதியிலேயே மூச்சு முட்டி, குரல் அறுந்தது. எப்படியோ மீதியை முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மார்பு ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முருகா கைவிடாதே என்று நினைத்தேன். அடுத்த கணம் நாங்கள் இருபது பேரும், பதில் அடியை மறந்து, அவர் பாடிய அடியையே திருப்பிப் பாடிக்கொண்டிருந்தோம். அவர் அறுந்த இடத்தில் நாங்களும் அறுந்து, அதே மாதிரி சேர்ந்தோம்.

தப்பாகப் பாடிவிட்டோம் என்று அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அந்த நேரத்துக்குள் அண்ணனுக்கு மூச்சு வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்த டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு, அப்படியே போங்கள் என்று கையைச் சுழற்றினார். அதன்பின் ஒவ்வோர் அடியையும் அண்ணன் பாட, நாங்கள் திருப்ப, அதற்குள் அவர் மூச்சு வாங்க, பிறகு பதிலை உச்சியில் எடுத்தோம். பாட்டு இரண்டு மடங்கு நீண்டது. ஒருவரும் நகரவில்லை. கடைசி அடியில் அவர் கீழ்க்குரல் ஹார்மோனியத்தோடு இழைந்து நின்றபோது என் பக்கத்தில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து அண்ணன் டீச்சரம்மாவிடம் போய், பாட்டைக் கெடுத்துவிட்டோம் என்று கைகூப்பினார்.

“கெடுக்கல. நீங்க மூச்சு வாங்க நான் இடம் விடல, இவங்க விட்டாங்க. இனிமே இப்படியே பாடுங்க” என்றார் அவர்.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அம்மா, வள்ளிக்கும் ஒரு பாட்டு கட்டித் தருவீங்களா? இதே கீழ்க் கட்டையிலதான், எனக்குப் பாட” என்று கேட்டார்.

டீச்சரம்மா குடையை விரித்துக்கொண்டே, செவ்வாய்க்கிழமை வருகிறேன், குரலைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.