ரெண்டு கோட்டு வெள்ளை வாங்கிய கருப்புக் கல்

சர்ர்... டக்.

ஏற்காடு மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அப்பாவின் ஜீப்பில் இந்தச் சத்தம் கேட்கும். டேஷ்போர்டில் கிடக்கும் கல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கிப் போய் முட்டும். அடுத்த வளைவில் திரும்பி வரும்.

"அதைத் தூக்கி வெளிய போடுங்க. ஒரு நாளைக்குப் பிரேக்குக்கு அடியில போயி உழுகப் போவுது" என்பார் அம்மா. அப்பா அடுத்த வளைவுக்கு ஹாரன் அடிப்பார். கல்லும் அங்கேயேதான் கிடக்கும்.

அப்பா ஒரு எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். காப்பிச் செடிக்குக் குழி வெட்டினால் வெங்கச்சங்கல் வரும். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும், இரண்டை உரசினால் பொறி பறக்கும், தீய்ந்த வாடை வரும். அப்பா அதில் லட்சணமானதாகப் பார்த்துப் பொறுக்கி வந்து வீட்டுக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில் குவித்து வைப்பார். டிரைவருக்கு எதற்கு இந்த வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அப்படி ஒரு குழியில் வந்ததுதான் அந்தக் கருப்புக் கல்.

அதுவும் வெங்கச்சங்கல் ஜாதிதான். ஆறு பட்டை, சீவின பென்சில் மாதிரி முனை, அடிப்பக்கம் மட்டும் உடைந்திருக்கும். பார்க்கக் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒண்டிக்கடையில் டீ குடிக்கிறவர்கள் எல்லாம் பாட்டில் துண்டு என்றே சாதித்தார்கள். அப்பா விட மாட்டார். ஜீப்பில் ஏறுகிற எல்லோர் கையிலும் கொடுத்து, "வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாருங்க" என்பார்.

பிடித்தால்... உள்ளே வரக்காப்பி நிறம். கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்த மாதிரி.

நான் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்பா திடீரென்று போய்விட்டார். நெஞ்சு வலி. அவர் பொறுக்கிய வெள்ளைக் கற்களையே எடுத்துப்போய் அவர் கல்லறையைச் சுற்றி வரப்பு மாதிரி பதித்தோம். கருப்புக் கல்லை மட்டும் நான் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை. சிலுவைக்கு அடியில், தலைமாட்டில் பதித்துவிட்டார்.

"ஆசையா வெச்சிருந்த கல்லு. அவருகிட்டயே இருக்கட்டும் கண்ணு."

"யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்கம்மா."

"கல்லறையில கைய வெக்கிறவன் எவன்?"

அம்மா சொன்னது சரிதான். யாரும் திருடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு புல் பிடுங்கி, சுற்றுக் கல்லுக்கு வெள்ளை அடிப்பது எங்கள் வழக்கம். அந்த முதல் வருடம் லாட்ஜில் கூட்டம், எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வாழவந்தியிலிருந்து சித்தப்பா, அப்பாவின் தம்பி, "நான் பாத்துக்கறனுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அதுதான் வினையாகிவிட்டது.

திருநாளன்று மத்தியானம் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் போனோம். கல்லறை, வெள்ளை உடுப்புப் போட்டுக் கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளை மாதிரி பளிச்சென்று இருந்தது. அம்மா தலைமாட்டையே பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இங்க கருப்பா ஒரு கல்லு இருந்துச்சே?"

"இருந்துச்சுங்க அண்ணி. எல்லாத்தையும் பேத்தெடுத்து, சுண்ணாம்புல முக்கிக் காய வெச்சுப் பதிச்சேன். அது ஒண்ணுதான் நொம்ப மொரண்டு புடிச்சுது, ஒட்டவே மாட்டேன்னுருச்சு. உடுவனா? அதுக்கு மட்டும் ரெண்டு கோட்டு குடுத்தேன்."

"இப்ப அது எங்கீங்க?"

"இதுல ஏதோ ஒண்ணுங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குனிந்து ஒரு கல்லை நகத்தால் சுரண்டினேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"ஃபாதர் தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்க வர்ற நேரம். மனுசன் முட்டி போட்டுச் செஞ்சிருக்காரு. உடு."

சித்தப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணன் வண்டியில கெடக்குமே, அந்தக் கல்லா? அது ஊட்ல இருக்குதுன்னுல்ல நெனச்சேன்..." துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

ஃபாதர் தீர்த்தச் செம்போடு பக்கத்து வரிசைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டா வரும். மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்தது. குடைகள் விரிந்தன. சுற்றுக் கற்களிலிருந்து பால் மாதிரி சுண்ணாம்பு ஒழுகி எங்கள் காலடிக்கு வந்தது.

மற்ற கற்கள் சுண்ணாம்பு கரைந்தும் வெள்ளையாகவே இருக்க, கால்மாட்டில் ஒன்று மட்டும் மளமளவென்று உரிந்து கருத்தது. வழவழப்பான பட்டை, சுண்ணாம்பு எப்படி நிற்கும்.

சித்தப்பா சேற்றில் மண்டியிட்டுத் துண்டால் துடைத்தார். "அண்ணி... இதாங்க."

அம்மா அதை வாங்கி, முந்தானையால் பட்டை பட்டையாகத் துடைத்தார். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க கண்ணு. இங்க வெச்சா அடுத்த வருசமும் உங்க சித்தப்பா சும்மா இருக்க மாட்டாரு."

மழையில் நனைந்துகொண்டு மூன்று பேரும் சிரித்தோம். ஃபாதர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தீர்த்தம் தெளித்தார்.

இப்போது நான் சேலத்தில் இருக்கிறேன். கல் சமையலறை ஜன்னலில். மகன் போனில் படம் எடுத்துப் பார்த்து, "ஸ்மோக்கி குவார்ட்ஸ்மா" என்றான். இருக்கட்டும். திருநாளுக்கு மட்டும் அதை மேலே ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் அப்பாவிடம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவேன். மகன் காரில் டேஷ்போர்டில் ரப்பர் மேட். எந்த வளைவிலும் கல் நகர்வதில்லை.

அங்கே இப்போது எல்லாம் கருப்பு கிரானைட் கல்லறைகள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதுதான். போன வருடத்திலிருந்து சித்தப்பாவுக்கும். துடைத்தால் போதும், வெள்ளை அடிக்கிற வேலையே இல்லை.

கல்லின் உடைந்த அடிப்பக்கத்தில் ஒரு விரிசல் உண்டு. அதற்குள் வெள்ளையாக ஒரு கோடு. வினிகர் ஊற்றினால் போய்விடும் என்கிறான் மகன். வேண்டாம் என்றேன்.

அது சித்தப்பா அடித்த ரெண்டாவது கோட்டு.