'ஓடு' போர்டில் இல்லை

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை. கணினியே இல்லாமல் கோடிங் சொல்லித் தருகிறேன் என்று ஒருநாள் கிளம்பினேன். பிள்ளைகள்தான் ரோபோ. வெண்பலகையில் 'முன்னே', 'திரும்பு', 'நில்' என்று எழுதினேன். "இதுக்கு மட்டும்தான் அசையணும். வேற என்ன சொன்னாலும் அசைஞ்சா அவுட்!" என்றேன்.

விளையாட்டு சூடுபிடித்த நேரத்தில் தீ மணி அலறியது. சிற்றுண்டிச்சாலைப் பக்கம் ஒரே புகை. "எல்லாரும் ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். திடலில் நின்று திரும்பினால், பின்னால் ஒரு பிள்ளைகூட இல்லை.

திரும்ப ஓடினேன். வகுப்பே சிலையாக நின்றது. துர்கா மட்டும் உதடு அசையாமல் சொன்னாள்: "டீச்சர், 'ஓடு' போர்ட்ல இல்ல."

"விளையாட்டு முடிஞ்சிருச்சு லா, வாங்க!"

"அதுவும் இல்ல டீச்சர்."

வேறு வழியில்லை. "முன்னே! திரும்பு! முன்னே!" என்று தொண்டை கிழியக் கத்தியே திடலுக்குக் கொண்டுபோனேன். கருகியது கேண்டீன் அக்கா வதக்கிய மிளகாய்ச் சம்பால்தான் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியை கேட்டார்: "ஏன் டீச்சர், நெருப்புக்கும் மார்ச்பாஸ்ட்டா?"

மறுநாள் பலகையில் முதல் வரியாக, 'மணி அடித்தால் திடலுக்கு ஓடு' என்று எழுதினேன். சற்று நேரத்தில் சாப்பாட்டு ஓய்வு மணி அடித்தது. மொத்த வகுப்பும் பசியோடு திடலில் போய் வரிசை பிடித்து நின்றது.

இப்போதெல்லாம் எந்தக் கட்டளையை எழுதினாலும் முதலில் துர்காவிடம்தான் காட்டுகிறேன். "இதுல ஓட்டை இருக்காம்மா?"

இல்லை என்று அவள் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.