கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

போன வருஷம் சித்திரை மாதம். எங்கள் பெண்ணுக்குத் திண்டிவனத்தில் நல்ல இடம் அமைந்து, நிச்சயதார்த்தத்துக்கு இரண்டே வாரம் இருந்தது. அந்த நேரம் பார்த்தா என் வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலிக்க வேண்டும்? கன்னம் வீங்கி, கஞ்சியைக்கூட ஒரு பக்கமாகவே குடித்தார். வளவனூரிலிருந்து பஸ் பிடித்து, விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் முன்புதான் அவருக்கு நெஞ்சுவலி வந்து, புதுச்சேரியில் ஸ்டென்ட் வைத்திருந்தோம். ஊரில் எல்லோரிடமும் கேஸ் டிரபுள் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இதய நோய் என்று தெரிந்தால் பெண்ணுக்கு வந்த வரன் திரும்பிப் போய்விடுமே என்ற பயம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்க வரும் வியாபாரியிடம்கூட மூச்சு விடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் போடும் மாத்திரை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டு பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று நாளாக நானே அதை நிறுத்தியும் வைத்திருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

மாடியில் சின்ன கிளினிக். ஏசி இல்லை. இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா என்று மனசுக்குள் முகம் சுளித்தேன். பெயர் எழுத வந்த நர்ஸைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளையின் சொந்த அத்தை! “வாங்க சம்பந்தி” என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றுவிட்டு, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, இதயத்தில் ஏதாவது, தினமும் போடும் மாத்திரை என்று வரிசையாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஒண்ணும் இல்லைங்க. கல்லாட்டம் இருக்காரு.”

உள்ளே டாக்டர், சின்ன வயசுப் பெண். எங்கள் கண்ணெதிரே கவரைக் கிழித்துத்தான் கருவிகளை எடுத்தது. எடுத்துவிட்டு, அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டது. நானும் அதே பதிலைச் சொன்னேன். டாக்டர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்துவிட்டு, நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியது.

“எல்லாரையும் ரெண்டு தடவை கேப்பேம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சார், நான் உங்களத்தான் கேட்டேன். நீங்க ஏன் அம்மா மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கீங்க?”

அவ்வளவுதான், மனுஷன் உடைந்துவிட்டார். “ஸ்டென்ட் வெச்சிருக்குதும்மா. மாத்திரைய இவதான் நிறுத்திட்டா” என்று ஒரே மூச்சில் என்னைக் காட்டிக்கொடுத்தார்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஆனால் திட்டவில்லை. ரத்தம் வந்தால் தையல் போட்டு நிறுத்திவிடலாம், மாத்திரையை நிறுத்தி ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து என்று நிதானமாகச் சொன்னது. அப்போதே புதுச்சேரி டாக்டருக்குப் போன் போட்டுப் பேசியது. மாத்திரை அட்டை என் பையிலேயே இருந்தது. அந்த நாற்காலியிலேயே அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து முழுங்கவைத்தது. அன்றைக்குப் பல்லைப் பிடுங்கவில்லை. வீக்கத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு நாள்கூட மாத்திரையை விடாமல் அடுத்த வாரம் வரச் சொன்னது. அவரை நானே கொன்றிருப்பேனே என்று நினைத்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வெளியே வந்தால், டாக்டர் எங்களுக்கு முன்னால் வந்து சொல்லியிருந்த ஸ்டென்ட் விவரத்தை அந்த அத்தை சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்க கேட்டது இந்த வாசப்படியத் தாண்டாது சம்பந்தி. நீங்களா சொன்னாதான் எங்க அண்ணனுக்குத் தெரியும்.”

அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீடு வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.  சரி, வரன் போச்சு என்று நினைத்தேன். சம்பந்தியம்மாவோ, “எங்க பையனுக்கு மாமனாரு வேணுங்க, மொதல்ல அதப் பாருங்க” என்றார். கூடவே, இனிமேல் இப்படி மறைத்தால் பேஜாராகிவிடும் என்று செல்லமாக ஒரு மிரட்டல்.

அடுத்த வாரம் இரண்டு தையலோடு பல் வந்தது. ரத்தம் நின்றதா என்று பார்த்துப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்களை அனுப்பியது அந்தப் பெண். மறுநாள் காலையில் போன் செய்தும் விசாரித்தது.

ஆவணியில் கல்யாணம். அவர் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தபோது எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். தண்ணீர் வார்த்த என் வீட்டுக்காரரின் கையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பொய்யை நம்பாமல் கதவைச் சாத்திவிட்டு இன்னொரு முறை கேட்டாளே ஒரு பெண், அவளால்தான் அந்தக் கை அன்றைக்கு அங்கே இருந்தது.