கக்கூஸ் குழியில் கிடைத்த செம்பு

முட்டாள்களுக்குப் பட்டம் கொடுக்கும் யோசனை நம் புதிய அரசாங்கத்துக்கு இருக்குமானால், மலாக்கா கஜா பேராங்கிலிருந்து முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும். போட்டிக்கு ஆள் வராது.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய சமயத்தில், இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் என்ன எழுதினேன்? 'நாலு தலைமுறையாக மலாக்காவில் இருக்கிறோம். எங்கள் மண்ணில் ஒரு மீன் முள் விழுந்ததில்லை' — நினைவிருக்கிறதா? அதை வெட்டி ஒட்டி வைத்திருக்கும் அன்பர்கள் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

சுதந்திர நாட்டில் இன்னும் வாளிக் கக்கூஸா என்று ரோஷம் வந்து, கொல்லையில் தொட்டி கட்டத் தீர்மானித்தேன். குழி வெட்ட செங் ஊர்ப் பக்கமிருந்து முனியன் வந்தார். இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஐயா, இது உங்க கொல்லையா, பழைய மீன் பசாரா?"

எட்டிப் பார்த்தேன். சாம்பல். சாம்பல் நிறைய மீன் முள், சிப்பி ஓடு, நண்டுக் கால்...

"பக்கத்து வீட்டுக் குப்பையா இருக்கும்" என்றேன்.

"ஆமாமா. நம்ம கொல்லையில வந்து உக்காந்து சாப்பிட்டுட்டு, கையும் கழுவிட்டுப் போயிருப்பாங்க" என்றாள் என் மனைவி.

அடுத்து ஒரு பாதி அம்மி வந்தது. அதை ஒட்டியே மலாய்க்காரர் வீடுகளில் மிளகாய்ச் சம்பால் இடிக்கும் சின்னக் கல்லுரல். இரண்டும் ஒரே சாம்பலில், சம்பந்திகள் மாதிரி அக்கம்பக்கமாக.

அரண்மனையைத் தோண்டினால் ராஜா எப்படி வாழ ஆசைப்பட்டார் என்று தெரியும். மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமா? குப்பையைத்தான் தோண்ட வேண்டும். கல்வெட்டில் எதையும் வெட்டிக்கொள்ளலாம். மீன் முள்ளைக் கூப்பிட்டு 'நீ கத்தரிக்காய்க் காம்பு' என்று சொல்லிப் பாருங்கள், கேட்காது.

கடைசியாக ஒரு பித்தளைச் செம்பு. நெளிசல்கூட இல்லை.

உடைந்த சட்டியை வீசுவோம், சரி. பித்தளையை யாராவது வீசுவார்களா? ஓட்டையானாலும் எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குகிற ஆட்கள் அல்லவா நாம்! முழுச் செம்பு ஒன்று குழிக்குள் கிடக்கிறதென்றால் அது வீசியது அல்ல... மறைத்தது.

புளி போட்டுத் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது. 'மூ.வை.' — என் கொள்ளுத்தாத்தா. பரணில் உள்ள அண்டா குண்டா எல்லாவற்றிலும் அந்த எழுத்து உண்டு. பக்கத்திலேயே கொள்ளுப்பாட்டியின் பெயர் 'மீனாட்சி'. இந்தச் செம்பில் மீனாட்சியைக் காணோம்.

'மூ.வை. மெலாத்தி' என்று வெட்டியிருந்தது. அழகான தமிழ் எழுத்தில் ஒரு மலாய்ப் பெயர்!

அதனால் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மகளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க, ஊருக்கே தெரிஞ்சதுதானே" என்றாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனை விரும்பினாள். மலாக்காச் செட்டி வீட்டுப் பையன். வெளியூர் வாசகர்களுக்காக: எப்போதோ இங்கு வந்த நம் வியாபாரிகள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டினார்கள், அந்த வழியில் வந்தவர்கள் இவர்கள். கும்பிடுவது நம் சிவனை, வீட்டில் பேசுவது மலாய்.

போன மாதம் பையனின் அப்பா அருணாசலம், வெற்றிலைத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார். நான் என்ன செய்தேன்? "எங்கே, 'வாழைப்பழம்' சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். "உங்க வீட்டு ரசத்துல பெலாச்சான், அதான் அந்த இறால் விழுது, எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டுச் சிரித்தேன். மனிதர் காப்பியைக் குடித்தார். தட்டை எடுத்துக்கொண்டார். போய்விட்டார்.

அதற்கு முந்தின வாரம்தான் பாடாங் மைதான மேடையில் ஏறி, 'நாம் எல்லோரும் ஒரு தாய் மக்கள்' என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். அந்தத் தாயை என் கொல்லையிலேயே புதைத்து வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து மகள் என்னிடம் பேசியதெல்லாம் 'சாப்பாடு ரெடி' மட்டும்தான். செம்பைப் பார்த்ததும் வாய் திறந்தாள்.

"இப்ப என்னப்பா செய்யப் போறீங்க?"

"அருணாசலத்தைப் பார்த்துக் கால்ல விழப் போறேன்."

அவள் செம்பில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

நாலு சந்து தள்ளித்தான் வீடு. அருணாசலம் செம்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அவர் பேசிய மலாயை நான் தமிழில் தருகிறேன்.

"மெலாத்தி எங்க வீட்டுப் பொண்ணு. உங்க தாத்தாவைப் பெத்துப் போட்டுட்டுச் செத்துட்டாங்க. அதுக்கப்புறம் கப்பல்ல வந்தவங்க மீனாட்சி. வந்ததும் மெலாத்தி பேரை எடுத்தாச்சு. வருசத்துல ரெண்டு தடவை நாங்க முன்னோருக்குப் படைக்கிறோம் இல்லையா... அவங்களுக்கும் ஒரு இலை போடுறோம்."

என் பாட்டனைப் பெற்றவளுக்கு நாலு சந்து தள்ளி யாரோ சோறு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஏப்பம் விட்டுக்கொண்டு பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"அப்ப... நம்ம பிள்ளைங்க கல்யாணம்?" என்றேன்.

"போன வாரம் வேற இடத்துல தாம்பூலம் மாத்தியாச்சு. பையனும் சரின்னுட்டான்."

வீட்டில் மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் போய் எதைச் சொல்வது? கடைசியில், தப்பை அவர் தலையிலாவது கொஞ்சம் கட்டிவிடலாம் என்று பார்த்தேன்.

"இவ்வளவும் தெரிஞ்சு வச்சிருந்தீங்களே... அன்னைக்கு என் வீட்டுக்கு வந்தப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அருணாசலம் செம்பைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"நீங்க சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க."