ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்த மலை

என் சித்தி மகளுக்கு வரன் பார்த்தபோதுதான் அவர் பெயர் முதன்முதலில் என் காதில் விழுந்தது. பெயர் என்றால் பெற்றவர்கள் வைத்தது இல்லை. "பையன் கொத்தனார். தொம்தொம்னு சொன்னா ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்றார் தரகர். குதிகாலை ஊன்றி நடப்பாராம். அலமாரியில் தம்ளர் ஆடுமாம். "ஆடினா ஆடட்டும், குடிச்சிட்டு ஆடாம இருந்தா சரி" என்று சித்தி சம்மதித்துவிட்டாள்.

தங்கை வாழப்போன வீடு ஊருக்குள் பாறைமேல் கட்டியது. ஒரே கூடம், ஒரே அடுப்பு. தையல்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், அண்ணி, இவர்கள் இருவர். அண்ணிக்கும் தங்கைக்கும் உப்பு டப்பாவில் தொடங்கிய சண்டை முற்றி, தங்கை பெட்டியோடு மலைச்சரிவிலிருந்த சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். "கூடத்துக்கு நடுவுல சுவர் எழும்பட்டும், வர்றேன்" என்று சொல்லி அனுப்பினாள். அண்ணனும் தம்பியும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள்.

கொத்தனாருக்குச் சுவர் ஒரு வேலையா? ஆனால் அந்த மலை எரிமலை. அது வெடித்தால் யார் யார் வீடு போகும் என்று கணக்குப் பார்க்க மூன்று நாட்டு நிபுணர்கள் நம் நாட்டு ஆபீசர் ஒருவரோடு வந்திருந்தார்கள். பூமி அதிர்வதைப் பதியும் கருவிக்குப் பாறை வேண்டுமாம். அண்ணன் கூடத்து மூலையைக் கொடுத்து, வீட்டில் சுத்தியல் அடிக்க மாட்டோம் என்று கையெழுத்தும் போட்டு, கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார்.

தொம்தொம் சுவருக்கு அனுமதி கேட்டார். ஒரு நாடு சரி என்றது. ஒரு நாடு கூடாது என்றது. மூன்றாவது நாடு அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றது. அடுத்த கூட்டம் எந்த நாட்டில் என்பதே முடிவாகவில்லை.

"சுத்தியல்தானே கூடாது அக்கா? காலால மிதிக்கறதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே" என்றார் என்னிடம்.

மத்தியானத்தில் அண்ணனும் அண்ணியும் கடையில் இருக்கும்போது கொல்லையில் களிமண்ணைக் கொட்டி மிதித்தார். மண்சுவர் சாண் சாணாக ஏறியது. அண்ணன் பார்த்தார், கேட்கவில்லை. கேட்பதென்றால் பேச வேண்டுமே. அண்ணி அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் இருப்பதால் அன்று மட்டும் இவர் காலுக்கு ஓய்வு.

எதிலும் ஒத்துப்போகாத மூன்று நாடும் முதல்முறையாக ஒன்றில் ஒத்துப்போயின: மலை புரள ஆரம்பித்துவிட்டது. மற்ற கருவிகளில் ஒன்றும் காணோமே என்று யாரோ கேட்டதற்கு, அவற்றுக்கு வயதாகிவிட்டது என்று பதில் வந்தது. ஊர் எச்சரிக்கைப் பலகையில் பச்சை போய் மஞ்சள் வந்தது. சரிவு ஜனங்களை லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். உறவு உள்ளவர்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்படித்தான் சித்தியும் தங்கையும் தொம்தொம் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மலைக்குப் பயந்து வந்தேன். உங்களுக்காக ஒண்ணும் வரலை" என்றாள் தங்கை. பிறகு சுவரைப் பார்த்தாள். "இது முடியட்டும். நான் எங்கயும் போகலை."

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு பங்கு மண் கொட்டி மிதித்தார். பலகையில் ஆரஞ்சு வந்தது.

கருவியைப் பார்க்க வந்த ஆபீசர்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "தினம் மத்தியானம் குமுறுது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஓய்வு. ஏழு நாள் சுழற்சின்னு ஒரு புதுக் கண்டுபிடிப்பே வந்திருக்கு."

தொம்தொம் நேராக என் வீட்டுக்கு வந்தார். தம்ளர்கள் ஆடவே இல்லை. அவ்வளவு மெதுவாக வந்தார்.

"அக்கா, மலைக்கு ஞாயித்துக்கிழமை லீவாம்."

எனக்கும் விளங்கிவிட்டது.

"சொன்னா அவ திரும்பிப் போயிடுவா. சொல்லலைன்னா அந்தப் பள்ளிக்கூடத்துல கிழங்கட்டை எல்லாம் வெறுந்தரையில இருமிக்கிட்டுக் கிடக்கும்."

"என்கிட்ட எதுக்குய்யா சொன்ன? இனி எனக்கும் சோறு இறங்காது" என்றேன்.

மறுநாள் நிபுணர்கள் கூட்டத்தில் போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, மிதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். திரையில் கோடு துள்ளியது. தாடிக்காரர் இன்னொரு முறை என்றார். உயரமான அம்மாள் தன் நாட்டுக்குத் தனியாக ஒரு முறை என்றார். மூன்றாமவர் இடது காலால் மட்டும் என்றார். பிறகு அறிக்கை எழுதினார்கள். அதில் மண்ணும் இல்லை, காலும் இல்லை. 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்போடு எச்சரிக்கை நீக்கப்பட்டது' என்றிருந்தது. ஒப்பந்தத்தில் மட்டும் கால் சேர்ந்துவிட்டது: கருவி இருக்கும்வரை மிதிக்கவும் கூடாது.

ஜனங்களைத் திரும்ப ஏற்றிப்போக பஸ் வந்தது. சித்தி முன்னால் ஏறினாள். தங்கை ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இவர் கீழே நின்றார்.

"நீங்களா போய்ச் சொன்னீங்க?"

"ஆமா."

"நான் போயிடுவேன்னு தெரிஞ்சுமா?"

"ம்."

"சுவர் இனி ஆகாதில்ல?"

"ஆகாது."

அவள் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இருக்கை காலியானது. கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"ஏறுங்க. சட்டையெல்லாம் அப்புறமா வந்து எடுத்துக்கலாம்."

கொடியில் காய்ந்த சட்டைகளை அண்ணியே மடித்துக் கொடுத்தனுப்பினாள். "எரிமலைக்குப் பக்கத்துல இருக்கறது என் பக்கத்துல இருக்கறதைவிடச் சுகமாம்" என்று தெருவெல்லாம் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூன்று நாடும் சேர்ந்து போட்ட வரைபடத்தில் சித்தி வீடு அடர்சிவப்பில் இருக்கிறது. தொம்தொம் இப்போது அங்கேதான் இருக்கிறார், என் தங்கையோடு.