பச்சை இல்லத்தின் முறைப்பாடு

கடந்த வருடம் மாசி மாதம், கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளைச் சிவப்பு, பச்சை என்று இல்லங்களாகப் பிரித்து வைக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி நடந்தது. தரம் ஒன்பது படிக்கும் என் மகளுக்குப் பிறவியிலேயே நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வருடா வருடம் அவளுக்கென்று விசேட நிகழ்ச்சி வைப்பார்கள். தனியாக ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு உருட்டிப் போவாள். சனம் எழும்பி நின்று கைதட்டும், பரிசும் கிடைக்கும். இல்லத்துக்குப் புள்ளி மட்டும் இல்லை. எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். அவளுக்கோ முகம் சுண்டிப் போகும்.

அந்த முறை புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியரிடம் அவளே போய் வாதாடி, சிவப்பு இல்லத்தின் அஞ்சல் ஓட்டத்தில் கடைசி ஆளாகச் சேர்ந்துவிட்டாள். புள்ளியும் உண்டு என்றார்கள்.

மழையில்லாமல் மைதானம் நன்றாக இறுகிக் கிடந்தது. கைமாறி வந்த அஞ்சல் கோலை மடியில் போட்டுக்கொண்டு உருட்டியவள், கோட்டுக்குக் கிட்ட வைத்துப் பச்சை இல்லப் பிள்ளையை முந்திவிட்டாள். நான் துள்ளி எழும்ப, பச்சை இல்லத்துப் பிள்ளைகள் நடுவர்களைச் சூழ்ந்துகொண்டு முறைப்பாடு சொன்னார்கள்.

"அவளுக்கு உருளுற சில்லு இருக்கு சேர். நாங்கள் காலால எல்லோ ஓடினனாங்கள்? முதலிடம் குடுக்கேலாது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊரில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். மகள் கையைக் காட்டி மறித்தாள்.

"நீங்கள் இருங்கோ அம்மா. இது எங்கட பிரச்சினை."

பிறகு அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "போன முறை நான் தனிய ஓடேக்க கைதட்டினனீங்கள். அப்ப சில்லு தெரியேல்லையோ?"

நடுவர்கள் கூடிக் கதைத்து, திரும்ப ஓடச் சொன்னார்கள். இந்த முறை பச்சை இல்லம் உயிரைக் கொடுத்து ஓடியது. என் மகள் ஒரு முழத்தில் தோற்றாள். ஒருவரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. எதிர்ப்பக்கம் ஒரே கூத்தும் கும்மாளமும்.

அழப்போகிறாள் என்று ஓடினேன். உள்ளங்கை உரிந்திருந்தது. அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தோத்துப்போட்டு என்ன பிள்ளை சிரிப்பு?"

"ரெண்டாமிடத்துக்கும் புள்ளி இருக்கம்மா. முந்தி என்னோட ஆர் ஓடினவை?"

அந்தப் பச்சை இல்லப் பிள்ளைகளை வீதியில் கண்டால் முறைப்பதா சிரிப்பதா என்று இன்றைக்கும் குழம்பித்தான் போகிறேன். ஆனால், என் மகளைத் தோற்கடிக்க வேண்டும் என்று முதன்முதலில் ஆசைப்பட்டவர்கள் அவர்கள்தான்.