தோணிப் படத்துக்கு எத்தனை முடிவு

பென் டிரைவில படம் ஏத்திக் குடுக்கிற தொழில்ல கைக்கு வேலை கொஞ்சம், வாய்க்குத்தான் வேலை அதிகம். பாலாவிச் சந்தியில இந்தக் கடையைத் தொடங்கி இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. கசட்டில தொடங்கி, சீடிக்குப் போய், இப்ப பென்னில நிக்கிறேன். பக்கத்து மேசையில என்ட பொஞ்சாதி ரிஸானா போட்டோக்கொப்பி எடுக்கிறா. எல்லார்ட கையிலயும் போன் இருக்கிற காலத்தில ஒங்கட கடைக்கு ஆரு வாறாங்க எண்டு கேப்பீங்க. டேட்டா கரையிறதைப் பார்த்துப் பயப்படுறவங்க வருவாங்க. என்ன பார்க்கிறதெண்டு தெரியாதவங்களும் வருவாங்க. இந்த ரெண்டாவது கூட்டம்தான் என்ட தலையிடி. நல்ல படமா ஒண்டு போடுங்க எண்டு சொல்லிட்டுச் சும்மா நிப்பாங்க. மருந்துக் கடையோ புடவைக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால நிண்டு பழகின ஆக்களுக்கு இந்த வேதனை விளங்கும்.

ஆடு தேடின படம்

எது நல்ல படம் எண்டு நானே சொல்லிச் சொல்லி வாங்கிக் கட்டினது போதும் எண்டு ஒரு வழி பிடிச்சேன். விருது எடுத்த படங்களையெல்லாம் சேர்த்து 'அவார்ட்' எண்டு ஒரு போல்டர் போட்டேன். படிச்ச மனிசர் குந்திப் பார்த்துத் தெரிவு செஞ்ச படங்கள், இனிப் பழி என்ட தலையில விழாது எண்டு நினைப்பு.

முதல் ஆள் பாரூக். சீமெந்து லொறி ஓடுறவர், என்னை அண்ணன் முறைக்கு நானா எண்டு கூப்பிடுவார். மூட்டை ஏத்துறதுக்கு லைன்ல நிக்கிற நேரம் லொறிக்குள்ளயே படம் பார்ப்பார். மூணு விருது எடுத்த படம் ஒண்டைக் குடுத்தேன். அதுல ஒரு மனுசன் காணாமப் போன ஆட்டைத் தேடி ரெண்டரை மணித்தியாலம் நடக்கிறான். பாட்டு இல்ல, சண்டை இல்ல, கதைக்க ஆளும் இல்ல. கடைசியில ஒரு மதிலுக்குப் பக்கத்தில குந்துறான், படம் முடியுது. நானும் ரெண்டு தரம் பார்த்தேன். ரெண்டாம் தரம் பாதியில நித்திரை. விருது குடுத்தவங்களுக்கு என்ன விளங்கினது, எனக்கு என்ன விளங்கல்ல எண்டு இண்டைக்கும் குழப்பம்தான். என்ட ஆசையெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல. அதுல ஆடு தொலைஞ்சா ஆட்டுக்கும் ஒரு பாட்டு வரும்.

மூணாம் நாள் பாரூக் வந்து பென்னை மேசையில வச்சார். கோவப்படல்ல. உண்மையாவே தெரிஞ்சுகொள்ள ஆசைப்பட்ட மாதிரிக் கேட்டார்: "நானா, இதுக்கு அவார்ட் குடுத்தவங்களுக்காவது அந்த ஆடு எங்க இரிக்கிண்டு தெரியுமா?"

குடும்பக் கொப்பி

எங்கட பக்கத்தில படம் குடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. வாப்பா, உம்மா, புள்ளைகள், புதுசா வந்த மருமகன் எல்லாரும் ஒரே ஹோல்ல இருந்து பார்ப்பாங்க. அதனால கூச்சமான இடங்களை வெட்டி 'குடும்பக் கொப்பி' எண்டு தனியா வச்சிருப்பேன். வாப்பாமார் ரிமோட்டைக் கையில பிடிச்சுக் காவல் இருக்கத் தேவையில்ல. கேட்டு வாங்குவாங்க, எனக்காக அல்லாஹ்விடம் துஆவும் கேப்பாங்க.

துஆ கூடக்கூட என்ட வெட்டும் கூடிட்டு. முதல்ல கட்டிப் பிடிக்கிறதை வெட்டினேன். பிறகு கையைப் பிடிக்கிறதை வெட்டினேன். பிறகு ஒராளை ஒராள் பார்க்கிறதும் கொஞ்சம் கூடத்தான் எண்டு பட்டுது. மதுரங்குளியில இருந்து வாற டீச்சர் ஒருத்தர், விருது எடுத்த காதல் படம் ஒண்டைக் குடும்பக் கொப்பியாக் கொண்டு போனா. ரெண்டரை மணித்தியாலப் படம் என்ட கையால ஒண்டேகால் மணித்தியாலமா ஆகியிருந்தது. கிழமை முடிய வந்தா, முகம் சரியில்ல. "அந்தப் புள்ள ஆரையும் விரும்பவும் இல்ல, கலியாணம் முடிக்கவும் இல்ல. இடைவேளைக்குப் பொறகு பார்த்தா கையில பச்சப் புள்ள ஒண்டு இரிக்கி. என்ட மகளுக்கு நான் என்ன விளக்கம் சொல்ற?"

டெக் தின்ட முடிவு

இப்ப நான் செஞ்ச பெரிய பிழைக்கு வாறேன். என்ட கடையில எந்தக் காலமும் நிக்காம ஓடின படம் ஒண்டு இருக்கு. பேரைச் சொன்னாச் சண்டைக்கு வருவீங்க, எங்கட ஆக்கள் சொல்ற மாதிரி தோணிப் படம் எண்டே வச்சுக்கொள்ளுவம். கறுப்பு வெள்ளை. கடலுக்குப் போன புருசன் வரல்ல. ஊரே அவன் இல்லை எண்டு சொல்லுது. பொஞ்சாதி மட்டும் வருவான் எண்டு கரையில நிக்கிறா. கடைசியில தூரத்தில ஒரு தோணிப் பாய் தெரியுது, அவட முகம் மலருது, முற்றும்.

அந்த முற்றும் நான் போட்டது. கசட் காலத்தில அந்தப் படம் கைக்கு வந்த அண்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் தெரியிற இடத்தில மஃரிபுக்குப் பாங்கு சொல்ல, அப்புடியே இடையில நிப்பாட்டி வச்சிட்டுப் பள்ளிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா டெக் நாடாவை இழுத்துத் தின்டிருந்தது. மிச்சம் பதினைஞ்சு நிமிசம் போச்சு. முடிவு இல்லாத படத்தை எப்புடிக் குடுக்கிறது? பாய் தெரிஞ்சா ஆள் வந்த மாதிரித்தானே எண்டு நானே தீர்மானிச்சு, வேற படம் ஒண்டில இருந்த முற்றும் எழுத்தை ஒட்டினேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செவ்வரத்தம்பூ நிறத்தில முற்றும். உச்சமுனைக் கரை வரைக்கும் அந்தக் கொப்பிதான் போனது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல.

அதை எல்லாரையும் விட அதிகமாப் பார்த்தது நஸீரா. உப்புப் பக்கெட் அடைக்கிற இடத்தில வேலை செய்றா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். புருசன் வெளிநாட்டுக்குப் போய் ஏழு வருசம். முதல் ரெண்டு வருசம் கோல் எடுத்தார், பிறகு நம்பரும் இல்ல, ஆளும் இல்ல. அங்க அவரைக் கண்டதாச் சொன்ன ஆக்களும் இருக்காங்க, அதனால மௌத்தாப் போயிட்டார் எண்டும் சொல்ல ஏலாது. கலியாண வழக்குப் பார்க்கிற காதியாரிடம் போய்ப் பஸஹ் எடுத்துக் கலியாணத்தை முறிச்சிட்டு உன்ட வாழ்க்கையைப் பாரு எண்டு தம்பி கெஞ்சுறான். நல்ல இடம் ஒண்டும் பேசி வந்திருந்தது. அவ மாட்டேன் எண்டிட்டா. பென் பழுதாகிற நேரமெல்லாம் வந்து தோணிப் படத்தைத் திரும்ப ஏத்துவா. இனி அந்த மனுசன் வருவாரா தங்கச்சி எண்டு ஒருநாள் ரிஸானா கேட்டா. நஸீரா சிரிச்சுக்கொண்டு, ஆனா பகிடி இல்லாம, சொன்னா: "தோணிப் படத்துல அவனும் வந்தான்தானே ராத்தா."

விருது எடுத்து வந்த படம்

போன வருசம் அந்தப் படத்திட முழுப் பிரதி ஒண்டை எங்கயோ கண்டெடுத்து, கழுவித் துடைச்சு, வெளிநாட்டு விழாவில காட்டி, அதுக்கு விருதும் குடுத்திட்டாங்க. அதுவும் அந்த முடிவுக்காகவே எண்டு எழுதியிருந்தாங்க. எனக்குப் பெருமை தாங்கல்ல. ஆடு தேடின படத்துக்குக் குடுத்த அதே மனிசர் கடைசியில என்ட படத்துக்கும் குடுத்திட்டாங்க, என்னட்டயும் கொஞ்சம் அறிவு இருக்கு எண்டு அந்தப் பிரதியை எடுத்துப் போட்டேன்.

பாய் கரைக்கு வருது. இறங்குறது அவன் இல்ல, கூடப் போன கூட்டாளி. புருசன்ட சால்வையை அவட கையில நீட்டுறான். நான் கதிரையில குந்தினவன் குந்தினதுதான். பாரூக்கும் போன்ல பார்த்திட்டு, லொறியை ரோட்டோரம் விட்டிட்டு வந்தார். கூடவே இன்னும் நாலு பேர். நான் வெட்டினேனா, அவங்க ஒட்டினாங்களா எண்டு கடைக்குள்ள பெரிய வாக்குவாதம். கசட்டுக் கதையை நான் சொல்லியும் ஒருத்தரும் நம்பல்ல. பாரூக் கண் கலங்கிப் போய்க் கேட்டார்: "அவங்க அவார்ட் குடுக்கட்டும், வேணாங்கல்ல. அதுக்கு எங்கட மனுசனை என்னத்துக்கு மௌத்தாக்கின?"

வெட்டின கை

எனக்கு இருந்த பயம் நஸீராதான். அவ காதுக்கு இது போகாம இருக்கோணும் எண்டு துஆ கேட்டேன். பாலாவியில ஒரு கதை நிண்டிருக்கா? வியாழக்கிழமை வேலை விட்டு நேரா வந்தா. முழுசா இருக்கிற கொப்பி வேணும் எண்டா. கொம்பியூட்டர் பழுது எண்டேன். பின்னால அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த முடிவு நல்லாயில்ல, சும்மா விருதுக்காக எடுத்தது எண்டேன். அவ பென்னை எடுத்து மேசையில வச்சா. நான் மஃரிபுக்குப் போனது, டெக் தின்டது, முற்றும் ஒட்டினது எல்லாத்தையும் கொட்டிட்டேன். சொல்ல வெக்கமா இருந்தது.

நாளைக்கு வாங்க எண்டு அனுப்பினேன். குடுத்தா அவட நம்பிக்கையை நானே உடைச்சவன் ஆகிறேன், குடுக்காட்டிப் பொய்யை வித்தவன். விருது குடுக்கிறவங்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல, படம் பார்த்தவன் மறுநாள் அவங்கட கடைக்கு வாறதில்ல. ரிஸானா போட்டோக்கொப்பி மெசினை மூடிக்கொண்டே சொன்னா: "வெட்டின கை ஒங்கட. ஒட்டிக் குடுக்கிறதும் அதே கையால செய்ங்க."

நடை

மறுநாள் ரெண்டையும் அவட பென்னிலயே ஏத்திக் குடுத்தேன். ஒண்டுக்குப் 'பழசு' எண்டும் மத்ததுக்கு 'முழுசு' எண்டும் பேர் வச்சேன். முடிவெடுக்கப் பயந்தவன் செய்ற வேலைதான் அது, ஒத்துக்கொள்றேன். பத்து நாள் அவ வரல்ல. வேலைக்கும் ரெண்டு நாள் போகல்லயாம். என்னால சோறு திங்க ஏலாமப் போச்சு.

பதினோராம் நாள் காலையில ஓட்டோ ஒண்டு வந்து நிண்டது. உள்ள அவட தம்பி, கையில பைல். காதியார் வீட்டுக்குப் போற வழி எண்டான். நஸீரா இறங்கி வந்து பென்னை நீட்டி, பழசை அழிச்சு விடுங்க எண்டா. கண் வீங்கியிருந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்க தங்கச்சி எண்டு நான் தொடங்க, அவ தலையை ஆட்டினா. "அவார்ட் குடுத்தது சரிதான் நானா. அந்தப் பொம்புள சால்வையை வாங்கிட்டு அங்கயே நிக்கல்ல, திரும்பி மணல்ல வீட்டுக்கு நடந்து போறா. அந்த நடைய மட்டும் ஏன் எனக்கு இத்தின வருசமாக் காட்டல்ல?"

இவ்வளவு காலம் படம் குடுத்தும் எது நல்ல படம் எண்டு எனக்கு இன்னும் தெரியாது, ஆனா இனி ஆரும் வந்து குடும்பக் கொப்பி கேட்டா, கடைசிப் பதினைஞ்சு நிமிசத்தில மட்டும் நான் கை வைக்கமாட்டேன், அவங்களே கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கட்டும்.